ஐந்து பீப்பா வயிற்றெரிச்சல்

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு இடையில் உள்ள உறவுக்குச் சகலன் என்று பெயர். தன் இலையில் இருக்கிற வடையைத் தின்றுகொண்டே மற்றவன் இலையில் எத்தனை வடை விழுந்தது என்று பார்க்கிற உறவு அது. பருத்தித்துறையில் கடை வைத்திருந்த தில்லைநாதன் இந்த உறவை நெடுங்காலம் மிக அன்பாக நடத்திவந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய சகலன் ஏரம்பு தொட்டது எதுவும் துலங்கவில்லை.

சைக்கிள் கடை வைத்தான், மூடினான். சோடாக் கொம்பனி தொடங்கினான், போத்தல்கள் வெடித்தன. கோழி வளர்த்தான், எல்லாக் கோழிகளும் ஒரே கிழமையில் ஒற்றுமையாகச் செத்தன. ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொல்ல முதல் ஆளாகப் போய் நின்றவர் தில்லைநாதன். "என்ன செய்யிறது ஏரம்பு, எல்லாருக்கும் கைராசி இருக்காதுதானே" என்று தோளில் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்கு நல்ல பசி எடுக்கும். அந்தக் காலத்தில் ஏரம்பு என்றால் அவருக்கு உயிர்.

அவருடைய கடையில் கயிறு, செப்பாணி, தார், குங்கிலியம் எல்லாம் இருந்தன. மர வள்ளத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசாமல் எவனும் கடலில் இறங்க முடியாது. குங்கிலியமோ தில்லைநாதனிடம் மட்டும்தான். ஆகவே கடலுக்கு அதிபதி வருணன் என்று மற்றவர்கள் சொன்னபோது, வருணனுக்கும் யாரோ ஒருவர் சாமான் கொடுக்கத்தானே வேண்டும் என்று அவர் எண்ணிக்கொள்வார்.

இந்த நிம்மதியில்தான் ஏரம்பு மண் அள்ளிப் போட்டான். தீவுப் பக்கத்தில் பைபர் வள்ளம் கட்டுகிற இடம் ஒன்றில் சில மாதம் வேலை பழகிவிட்டு வந்தவன், வீட்டுப் பின்புறக் கோடிக்குள் ஓலைக்கொட்டில் போட்டு, வள்ளத்து வடிவில் ஒரு பெரிய அச்சுச் செய்தான். அச்சுக்குள் கண்ணாடிநார்ப் பாயை விரித்தான். றெசின் என்ற தேன் மாதிரியான ஒரு சாமானில் உறைமருந்து கலந்து பாய்மேல் பூசினான். அது கல்லாய் இறுகியது. அச்சிலிருந்து கழற்றினால் வெள்ளை வெளேரென்று ஒரு வள்ளம்! பலகை இல்லை, இடுக்கு இல்லை. இடுக்கு இல்லாத வள்ளத்துக்குக் குங்கிலியம் எதற்கு?

மாமியாரின் திவசத்தன்று மாமனார் ஆழ்வாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் பந்தியில் இருந்தபோது ஏரம்பு பிரசங்கம் தொடங்கினான். நீளக் காற்சட்டை வேறு போட்டிருந்தான்.

"மாமா, மரம் ஊறும், உக்கும், புழு அரிக்கும். இது அப்பிடியில்லை. பெற்றோலிலை இருந்து எடுக்கிற சாமான். விஞ்ஞானம்!"

"பெற்றோலிலை இருந்து வாறதோ?" என்றார் தில்லைநாதன். "அப்ப கடலுக்கை நிண்டு ஒருத்தன் சுருட்டுப் பத்தினால் என்ன நடக்கும்?"

பந்தியில் சிரிப்பு எழுந்தது. தில்லைநாதனுக்கு அரை நிமிடம் சுகமாக இருந்தது.

"ஒண்டும் நடக்காது அண்ணை. இறுகினாப் பிறகு அது வேறை சாதி. தண்ணித் தாங்கி செய்யலாம், கூரைத் தகடு செய்யலாம், காருக்கு உடம்பு செய்யலாம். சீமையிலை எல்லாம் உதுதான்."

அந்த நேரம் பார்த்து ஏரம்புவின் மனைவி நாகேஸ்வரி சோறு கொண்டுவந்தாள். மிஞ்சிய றெசினில் ஏரம்பு செய்து கொடுத்த நீலநிறத் தாம்பாளத்தில் சோறு குவிந்திருந்தது. தில்லைநாதனின் மனைவி இரத்தினம்மா அதைத் தொட்டுத் தடவி, "நல்ல வழுவழுப்பா இருக்கடி தங்கச்சி, பாரமும் இல்லை. எனக்கும் ஒண்டு செய்விச்சுத் தாவன்" என்றாள்.

"சோறு மண்ணெண்ணெய் மணக்குது" என்றார் தில்லைநாதன்.

"உங்களுக்கு மூக்கிலை சளி" என்றார் மாமனார். அதோடு நிற்காமல், "ஏரம்பு கெட்டிக்காரன். நான்தான் இவ்வளவு நாளும் பிழையா நினைச்சுப்போட்டன்" என்றும் சொன்னார். மூத்த மருமகன் தானிருக்க, தன் காதுபட, அதுவும் திவச நாளில்! தில்லைநாதனுக்குப் பாயாசம் இறங்கவில்லை.

அடுத்த மாதம் மீனவர் சங்கம் ஏரம்புவிடம் ஆறு வள்ளங்களுக்குச் சொல்லிவைத்தது. ஆனிக்குள் கொடுத்தால் மிச்ச வள்ளங்களும் அவனுக்குத்தான் என்றார்கள். தில்லைநாதன் கடையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். ஆறு வள்ளம் கடலில் இறங்கினால் மற்றவனும் கேட்பான். அதற்குப் பிறகு தன்னிடம் குங்கிலியம் வாங்க ஐயர்மார் மட்டும்தான் வருவார்கள், அதுவும் கால் றாத்தல், சாம்பிராணியோடு சேர்த்துப் புகைக்க.

வழி காட்டியவன் கனிசியஸ். குருநகரைச் சேர்ந்தவன். மீன் லொறியில் கொழும்புக்குப் போய், திரும்பும்போது சாமான் ஏற்றிவந்து கடைகளுக்குக் கொடுப்பவன்.

"முதலாளி, றெசின் விலை தீப்பிடிச்சமாதிரி ஏறுது" என்றான். "அரபிக்காரன் எண்ணெய் விலையைக் கூட்டினான், இவங்கள் இதைக் கூட்டுறாங்கள். பேர்மிட் இல்லாமல் இறக்கவும் ஏலாது. கொழும்பிலை ஒரு கடையிலை மட்டும் அஞ்சு பீப்பா கிடக்குது. ஒரு பீப்பா போன வருசம் ஒரு ஆட்டு விலை, இப்ப ஒரு கறவை மாட்டு விலை. இனி வண்டில் மாட்டுச் சோடி விலைக்குப் போகுமாம்."

"ஏரம்பு வேண்டுறது ஆரிட்டை?"

"அந்தக் கடையிலைதான். வாற கிழமை காசோடை வாறதாச் சொன்னவராம்."

தில்லைநாதன் கண்ணை மூடித் திறந்தார். செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வரக்கூடாது என்று அரசாங்கம் தடைபோட்டிருந்த காலம் அது. மிளகாயைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டுவைத்து, விலை ஏறினதும் விற்றவனெல்லாம் வலிகாமத்தில் மாடிவீடு கட்டிக்கொண்டிருந்தான். பொருளாதாரம் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் கேட்டால், பதுக்கு, பொறு, பிறகு வில் என்று ஒரு குழந்தை சொல்லியிருக்கும். இரத்தினம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடைவுகடைக்குப் போனது. ஐந்து பீப்பாவும் பருத்தித்துறைக்கு வந்தன. கடைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் அவற்றை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்.

எதிர்பார்த்தபடி ஏரம்பு வந்தான். அன்றைக்குக் காற்சட்டை இல்லை, வேட்டி.

"அண்ணை, உங்களிட்டைக் கிடக்கெண்டு கேள்விப்பட்டன்."

"கிடக்குது. எங்கடை கடையிலை என்னதான் இல்லை?"

"விலையைச் சொல்லுங்கோ."

தில்லைநாதன் வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னார். வாங்கிய விலையின் இரண்டு மடங்கு. ஏரம்பு தலையைச் சொறிந்தான், ஏதோ முணுமுணுத்தான், பிறகு "சரி அண்ணை, தாங்கோ" என்றான்.

இங்கேதான் வியாபாரி ஒருவன் கடவுளுக்கு நன்றி சொல்லிக் காசை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டிருப்பான். தில்லைநாதன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். இவ்வளவு கெதியாகச் சரி என்கிறானே! அப்படியென்றால் ஒரு வள்ளத்தில் இவனுக்கு எவ்வளவு மிஞ்சும்? தனக்கு வருகிற இரட்டிப்பு அவருக்குத் தெரியவில்லை. அவனுக்கு வரப்போகிறது மட்டும் பெரிய எழுத்தில் தெரிந்தது.

"அது நேத்தையான் விலை" என்றார். "இண்டைக்கு விக்கிற எண்ணமில்லை."

ஏரம்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பினான். போகும்போது பின்வளவை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, நிழலிலை வைச்சிருக்கிறியள், நல்லது. வெயில் படாமல் பாத்துக்கொள்ளுங்கோ. சூடு ஏறினால் மருந்து விடாமலே தானாய் இறுகிப்போம்" என்றான்.

தில்லைநாதன் அன்று பின்னேரம் முழுவதும் அந்த ஒரு வசனத்தையே மென்றுகொண்டிருந்தார். ஒரு சகலன் இன்னொரு சகலனுக்கு நல்லது சொல்வானா? வெருட்டி, அவசரப்பட வைத்து, மலிவாகத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். அதுமட்டுமில்லை. நிழல் நல்லது என்று இவன் சொன்னால், நிழலில்தான் ஏதோ கெடுதல் இருக்கவேண்டும். கடலுக்குப் பக்கத்து ஈரக்காற்று! செத்தல் மிளகாய் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்காதா?

மறுநாள் ஐந்து பீப்பாவும், கடையோடு ஒட்டி அவர் மிளகாய்ச் சாக்குப் போட்டுவைக்கிற தகரக் கொட்டிலுக்குள் போயின. சித்திரை வெயிலில் அதற்குள் ஒரு முட்டையை வைத்தால் குஞ்சு வந்து கும்பிட்டிருக்கும்.

"முதலாளி, உதுக்கை ஏன் வைக்கிறியள்?" என்றான் கனிசியஸ். "சூடு படக்கூடாதெண்டு ஏரம்பண்ணை எனக்கும் சொன்னவரெல்லோ."

"அவன் சொன்னதாலைதான்."

அதன்பிறகு வந்த மாதங்களைத் தில்லைநாதன் தன் வாழ்க்கையின் பொற்காலம் என்றே எண்ணினார். விலை உண்மையிலேயே ஏறியது. கனிசியஸ் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு புது விலை கொண்டுவந்தான், "வித்துப்போடுங்கோ" என்றான். "இன்னும் ஏறட்டும்" என்றார் இவர். பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரம்புவின் படலையடியால் ஒரு சுற்றுப் போய்வருவார். ஓலைக்கொட்டிலில் அச்சு வெறுமையாகக் கிடந்தது. ஒருநாள் அதற்குள் மறியாடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆட்டை அவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. அதைப் பார்ப்பதற்காகவே மறுநாளும் போனார்.

நாகேஸ்வரி ஒருநாள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள். "அத்தான், நீங்கள் சொல்லுற விலைக்கே தாங்கோ. சங்கம் தவணை சொல்லிப்போட்டுது. அவர் சாப்பிடுறதுமில்லை, கதைக்கிறதுமில்லை."

"வியாபாரத்திலை சொந்தம் பாக்கேலாது பிள்ளை" என்றார் தில்லைநாதன் மிக மென்மையாக.

அவள் போனதும் இரத்தினம்மா பிடித்துக்கொண்டாள். "சொந்தம் பாக்காட்டில் பரவாயில்லை, லாபத்தையாவது பாருங்கோவன்! என்ரை சங்கிலி அடைவிலை கிடக்குது. அவள் காசு தாறன் எண்டு நிக்கிறாள், நீங்கள் வேண்டாமெண்டுறியள். உது என்ன வியாபாரம்? விசர் வியாபாரம்!"

ஆடி பிறந்ததும் சங்கம் ஏரம்புவுக்குக் கொடுத்த வேலையைத் திருப்பி எடுத்தது. சங்கத் தலைவர் செல்வநாயகம், ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார், மூச்சு விடுவதையும் இலக்கணப்படி விடுகிறவர். அவர் தாமாகவே கடைக்கு வந்தார்.

"சங்கமே நேரடியாகப் பொருளைக் கொள்வனவு செய்வதென்றும், வேறொரு கட்டுநரைக் கொண்டு வள்ளங்களை நிர்மாணிப்பதென்றும் தீர்மானித்துள்ளோம்" என்றார்.

வண்டில் மாட்டுச் சோடி விலை. வாங்குவது ஏரம்பு அல்ல. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? தில்லைநாதன் நல்லநாள் பார்த்தார். தலைவரும் அங்கத்தவர்களும் வந்தார்கள், மாமனாருக்கும் சொல்லி அனுப்பப்பட்டது. பீப்பாக்களுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தட்டில் கற்பூரம் கொளுத்தினார்.

"ஐயோ, பெற்றோல் சாமானுக்குப் பக்கத்திலையோ!" என்று கனிசியஸ் பாய்ந்து ஊதி அணைத்தான்.

முதல் மூடி திறந்தது. தலைவர் எட்டிப் பார்த்து, "நிறம் சிறப்பாக உள்ளது" என்றார். தில்லைநாதன் பெருமையோடு ஒரு தடியை எடுத்து உள்ளே விட்டார். தடி போகவில்லை. அழுத்தினார். தடி மெல்ல அவரைத் திருப்பித் தள்ளியது.

கனிசியஸ் விரலால் அமத்திப் பார்த்தான். "முதலாளி, அல்வா மாதிரி, தொதல் பதம்" என்றான்.

இரண்டாவதும் தொதல். மூன்றாவது சவர்க்காரம். மற்ற இரண்டும் தகரத்துக்குக் கிட்ட நின்றவை. அவற்றில் அலவாங்குக் கம்பியால் தட்டியபோது கோயில் மணி மாதிரிச் சத்தம் வந்தது. தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, இவ்விடயம் குறித்துப் பின்னர் அறியத் தருவதாகச் சொல்லிக்கொண்டே படலையைத் தாண்டினார். மாமனார் மாலை போட்ட பீப்பாக்களை ஒருதரம் பார்த்தார், மருமகனை ஒருதரம் பார்த்தார், போய்விட்டார்.

தில்லைநாதன் ஒரு மிளகாய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். அவர் கேட்டது சங்கிலியைப் பற்றியல்ல, கடையைப் பற்றியுமல்ல.

"கனிசியஸ், ஏரம்புவிட்டையும் ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒரு சொட்டும் இல்லை."

"சங்கத்தின்ரை வேலையும் இனி அவனுக்கு இல்லை?"

"தீவுப் பக்கத்து ஆக்களுக்குக் குடுக்கப் போகினமாம்."

தில்லைநாதனின் முகம் மெல்லத் தெளிந்தது. மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனம் பிழைக்கச் செய்வது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்த மனிதன் அதன்பின் எவ்வளவு நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பான் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஏரம்புவும் நாகேஸ்வரியும் வீட்டுக்கு வந்தார்கள். செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரிச் சோறு கறி சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஏரம்பு பக்கத்தில் இருந்து அவருடைய தோளில் தட்டினான்.

"என்ன செய்யிறது அண்ணை. எல்லா வியாபாரமும் எல்லாருக்கும் சரிவராதுதானே. மனசை விட்டிடாதையுங்கோ."

தோள் எரிந்தது.

"உம்மடை பாடு என்ன மாதிரி ஏரம்பு?" என்றார், அக்கறையோடு. "சும்மாதானே இருக்கிறீர்?"

"அதைச் சொல்லத்தான் வந்தனான். இஞ்சை றெசின் இல்லாமல் இருந்து என்ன செய்யிறது எண்டு குவைத்திலை ஒரு வள்ளம் கட்டுற கொம்பனிக்கு எழுதிப்போட்டன். வரச்சொல்லிப்போட்டாங்கள். விமான ரிக்கற்றும் அவங்கள்தான். உண்மையாச் சொல்லுறன் அண்ணை, நீங்கள் அண்டைக்குத் தந்திருந்தால் நான் இந்த ஊரைவிட்டு அசைஞ்சிருக்க மாட்டன்."

"மகராசன், நல்லாயிரு" என்றாள் இரத்தினம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தில்லைநாதன் கொஞ்சம் கிட்ட நகர்ந்தார். "அங்கை... றெசின் என்ன விலை?"

"அங்கை உதுக்கெல்லாம் ஆர் அண்ணை விலை பாக்கிறது? குடிக்கிற தண்ணிக்குத்தான் விலையாம்."

அவர்கள் போனபிறகு தில்லைநாதன் கடைக்கு நடந்தார். கனிசியஸ் லொறியிலிருந்து கயிற்றுச் சுருள்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

"கனிசியஸ், உந்தப் பாஸ்போட் எடுக்கிறதெண்டால் எங்கை போகோணும்?"

"ஆருக்கு முதலாளி?"

"எனக்குத்தான்."

"இந்த வயசிலை அங்கை போய் நீங்கள் என்ன செய்யப்போறியள்?"

"எனக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றார் தில்லைநாதன். "உவன் அங்கை போய் என்ன செய்யிறான் எண்டு கிட்ட நிண்டு ஆராவது பாக்க வேண்டாமோ?"