ஆஞ்சப்பன் அடைத்த கதவு

ஓசூருக்கு மார்கழிக் குளிர் மைசூர் எல்லையைத் தாண்டித்தான் வருகிறது என்பது ஆஞ்சப்பனின் உறுதியான நம்பிக்கை. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவற்றில் மதுவிலக்குப் போலீஸ் மோந்து பார்க்காமல் விடுகிற ஒரே சரக்கு அதுதான். வந்த குளிர் ஊரில் இத்தனை வீடு இருக்க வேறெங்கும் தங்காது. நேராகப் புளி மண்டி வெங்கடப்பன் வீட்டுக் கார் ஷெட்டை விசாரித்துக்கொண்டு வந்து, கதவிடுக்கில் நுழைந்து, ஆஞ்சப்பனின் முதுகில் படுத்துக்கொள்ளும்.

ஷெட்டில் குடியிருந்தது இரண்டே பேர். வெங்கடப்பனின் பழைய பச்சை மோட்டார் ஒன்று. அதை ஓட்டுகிற ஆஞ்சப்பன் ஒன்று. மோட்டாருக்குப் போர்த்திக்கொள்ள முழுத் தார்ப்பாய் இருந்தது. ஆஞ்சப்பனுக்கு ஒரு கறுப்புக் கம்பளி.

கதவு இரட்டைக் கதவு. அடித்தபோது பச்சை மரம். காயக் காயப் பலகைகள் ஒன்றையொன்று பிடிக்காமல் விலகிக்கொண்டன. இரண்டு கதவும் சேருகிற இடத்தில் விரல் போகும். மேலே கை போகும். கீழே பூனை போகும்; போய்க் குட்டியும் போட்டிருக்கிறது.

போன மார்கழியில் ஆஞ்சப்பனின் மனைவி ருக்மணி இந்த ஷெட்டில் பதினோரு நாள் குடித்தனம் செய்தாள். அவள் ஊத்தங்கரைக்காரி, வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவள். பன்னிரண்டாம் நாள் நெஞ்சு கிழிய இருமிக்கொண்டே பஸ் ஏறினாள். அழவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"அந்தக் கதவுல காத்து நிக்கட்டும். ஒரு கார்டு போடு, அடுத்த பஸ்ஸுல வந்துடறன். நிக்கலன்னா நீயும் அந்தக் காருமே குடும்பம் பண்ணிகினு இருங்க."

அதிலிருந்து ஆஞ்சப்பன் முதலாளியிடம் மனு போட்டுக்கொண்டே இருந்தான். சித்திரையில் கேட்டால், "இப்ப ஏதுடா குளிரு?" என்றார். ஐப்பசியில் கேட்டால், "மழ விடட்டும்" என்றார். வருஷத்தில் கதவடைக்கத் தகுந்த மாதமே கிடையாது என்று ஆஞ்சப்பன் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தான்.

கார்த்திகை கடைசியில் ஒருநாள் காலையில் வெங்கடப்பன் தாமாகவே ஷெட்டுக்கு வந்தார். கதவின் ஓரமெல்லாம் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஆஞ்சப்பா, இந்தச் சந்தெல்லாம் அடச்சிடு. எறும்பு போற வழி கூட இருக்கக் கூடாது."

ஆஞ்சப்பன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "மொதலாளி, எனக்காகவா?"

வெங்கடப்பன் ஒரு கணம் வாசல் வேப்பமரத்தைப் பார்த்தார். புளியின் விலையைக் குடியானவன் கேட்டாலும் அவர் முதலில் மரத்தைத்தான் பார்ப்பார்.

"பின்ன? காருக்கா சளி புடிக்குது?"

"அப்ப ருக்மணிய..."

"வரச் சொல்லேன். மொதல்ல வேலய முடி. உன் கையால செய்யி. ஆசாரிய வுட்டா ஏனோதானோன்னு அடிச்சிட்டுப் போயிடுவான்."

எட்டு நாள் வேலை. மோட்டாரின் பழைய டியூப் இரண்டை நெடுக நெடுக ரிப்பன் போல் அறுத்து, இரண்டு கதவும் சேருகிற ஓரத்தில் செருப்பு ஆணியால் அடித்தான். பலகை இடுக்குகளில் தாரில் தோய்த்த கோணிச் சரட்டை உளியால் குத்திக் குத்தி இறக்கினான். கீழே பூனை போகிற வழிக்குக் கோணியில் குழாய் மாதிரி நீளமான பை தைத்து, உமி திணித்து, கதவோடு சேர்த்து ஆணியடித்தான். பூனை இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, குடியிருப்பு மாற்றிக்கொண்டது.

சமையற்காரி கெம்பம்மா பசை காய்ச்சிக் கொடுத்தாள். சின்னச் சின்ன விரிசல்களின் மேல் அந்தப் பசையால் பழைய பேப்பரை ஒட்டினான். ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிய செய்தி ஒன்று கீல் பக்கம் வந்து மிக நன்றாக அடைத்துக்கொண்டது.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பரீட்சை. ஷெட்டுக்குள்ளே ஆஞ்சப்பன் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு கதவோரமாக நகர்வான். புகை ஆடினால் அந்த இடம் பெயில். வெளியே கெம்பம்மா முறத்தால் வீசுவாள்.

இடையில் வெங்கடப்பன் வந்து ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு லாந்தர் ஏத்தி வெச்சா உள்ள சூடு நிக்குமாடா?"

"வேர்த்துடுங்க மொதலாளி."

"ராவெல்லாம்?"

"ராவெல்லாம்."

அவர் திருப்தியாகப் போனார். தனக்கு ஒரு லாந்தர், ருக்மணிக்கு ஒரு லாந்தர் என்று ஆஞ்சப்பன் கணக்குப் போட்டுப் பார்த்து, இப்படியும் ஒரு மனுஷர் உண்டா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எட்டாம் நாள், மேலே கை போகிற சந்து மட்டும் பாக்கி. டியூப் தீர்ந்துவிட்டது. கோணி வைத்தால் உதிர்ந்தது. ஆஞ்சப்பன் தன் கம்பளியை எடுத்து விரித்து, கத்தரிக்கோலை வைத்தான்.

"அத வெட்டாதப்பா," என்றாள் கெம்பம்மா.

"ஏன்?"

கெம்பம்மா முறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சும்னே சொன்னன்."

"காத்தே இல்லாத எடத்துல கம்பளி எதுக்குக்கா? வேர்த்துக் கொட்டப் போவுது," என்று சொல்லி அவன் கம்பளியை நீளவாக்கில் வெட்டினான். துண்டு மிச்சமில்லாமல் மடித்து மடித்துத் திணித்தான். ஊதுபத்தி ஏற்றினான். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போயிற்று. கீழே, நடுவில், கீலில், மேலே, எங்கே காட்டினாலும் நேராகவே போயிற்று. அன்றே கார்டு எழுதினான்: 'காத்து நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை வரவும்.'

வெள்ளிக்கிழமை பஸ் இரண்டு மணிக்கு. வெங்கடப்பன் பன்னிரண்டு மணிக்கே, "போடா, போயி நிதானமா கூட்டியா. பஸ்ஸு லேட்டானாலும் இருந்து கூட்டியா," என்று அனுப்பி வைத்தார். போகும்போது டீ சாப்பிடக் காசும் கொடுத்தார். அவர் கையிலிருந்து காசு வந்தபோதே ஆஞ்சப்பன் யோசித்திருக்க வேண்டும்.

பஸ் லேட்டாகத்தான் வந்தது. ருக்மணி ஒரு மூட்டையோடும் ஒரு ஊறுகாய் ஜாடியோடும் இறங்கினாள். "நெசமா நின்னுடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

"நீயே கைய வெச்சிப் பாரு," என்றான் அவன். வழியெல்லாம் ரப்பரையும் தாரையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். ஒரு வருஷமாக அவன் பார்க்காத சிரிப்பு.

வீட்டு வாசலில் மோட்டார் இல்லை. டயர் தடம் மட்டும் தெருப் பக்கம் போயிருந்தது. வேப்பமரத்தடியில் அவனுடைய தகரப்பெட்டியும் சுருட்டிய பாயும் இருந்தன. பெட்டியை யாரோ துடைத்தும் வைத்திருந்தார்கள். மூடிய ஷெட்டுக்குள்ளிருந்து கீச்கீச் என்று ஒரு சத்தம் வந்தது.

ஆஞ்சப்பன் கதவைத் திறந்தான். தரையெல்லாம் உமி. இரண்டு லாந்தர். அவற்றைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக இருநூறு கோழிக்குஞ்சு. நடுவில் இடுப்பில் கைவைத்து வெங்கடப்பன்.

"சாத்துடா, சாத்துடா! காத்து வருது!"

ஆஞ்சப்பன் உள்ளே வந்து சாத்தினான். எட்டு நாளாகக் காற்று என்றாலே சாத்துகிற கை அது. ருக்மணி வெளியே நின்றாள்.

"சீமக்கோழிடா. குஞ்சுல ஒரு மாசம் காத்துப் படக் கூடாதாம். அப்புறம் முட்டையா போடும்."

"கார் எங்கங்க?"

"கிருஷ்ணகிரி மாங்கா மண்டிக்காரனுக்குக் குடுத்துட்டன். அவன் ஆளு வந்து ஓட்டிகினு போயிட்டான்."

"எனக்குன்னுதானே சொன்னீங்க?" ஆஞ்சப்பனின் குரல் குஞ்சுகளின் குரலுக்கு மேலே எழும்பவில்லை.

வெங்கடப்பன் இந்தத் தடவை மரத்தைப் பார்க்க முடியவில்லை, கதவு மூடியிருந்தது. அதனால் உண்மையைச் சொன்னார். "கோழிக்குன்னு சொல்லியிருந்தா இவ்ளோ சுத்தமா செஞ்சிருப்பியா? உனக்குன்னு சொன்னாத்தான் உசுர வுட்டுச் செய்வன்னு தெரியும். கோச்சிக்காத. உன்ன ஒண்ணும் போவச் சொல்லல. பூன, கீரி வராம வெளிய கதவோரமா படுத்துக்கோ. ரெண்டு பேருமே படுத்துக்கோங்க."

மூலையில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த கெம்பம்மா தலை நிமிரவில்லை. "சத்தியம் வாங்கிக்கினாருப்பா," என்று தண்ணீர்த் தட்டிடம் சொன்னாள்.

ஆஞ்சப்பன் வெளியே வந்தான். பின்னால் கதவு மெத்தென்று, ஓசையே இல்லாமல் சாத்திக்கொண்டது. டியூப் அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தது.

ருக்மணிக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் வாசலிலேயே கேட்டிருந்தாள். ஊத்தங்கரைப் பக்கம் இனிக் காலையில்தான் பஸ். வெயில் இறங்கியதும் எல்லைப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்:

"கம்பளி எங்கய்யா?"

அவன் கதவின் மேற்பக்கத்தைக் காட்டினான். கறுப்பாக ஒரு ஓரம் தெரிந்தது.

"புடுங்கு."

அவன் தகரப்பெட்டியின் மேல் ஏறினான். கம்பளியின் நுனியைப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான்.

"என்ன?"

"புடுங்குனா காத்து போவும்."

"போவட்டுமே! உனக்கென்ன?"

"கோழிய சொல்லல." அவன் நுனியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. "எட்டு நாளு வேல, ருக்கு. நல்லா வந்திருக்குது."

ருக்மணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்ன அந்தாளு நல்லாத்தான் படிச்சி வெச்சிருக்கான்," என்றாள். திட்டு மாதிரியும் இல்லை.

அவன் இறங்கிவிட்டான். பாயை விரித்து, இரண்டு பேரும் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். உள்ளே இரண்டு லாந்தர் எரிந்தது. இருநூறு குஞ்சு கதகதப்பாகக் கத்திக்கொண்டிருந்தது. ருக்மணி மெல்லப் பின்னால் கையை விட்டு, கதவின் அடியில், நடுவில், பலகை இடுக்கில் என்று ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்தாள். எங்காவது கொஞ்சம் சூடு கசிகிறதா என்று.

எங்கும் கசியவில்லை.