றேமண்டின் பெயரில் ஒரு ஈரல்

சிவபாதசுந்தரம் ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. அது பெரிய விஷயமில்லை. மோந்து பார்க்கவில்லை என்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்ததுதான் வினையாய் முடிந்தது. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் அவர் தலைமைக் கிளாக்கர். பக்கத்து மேசை றேமண்ட், கொட்டாஞ்சேனைக்காரன், கால் போத்தல் இறங்காமல் இரவுச் சாப்பாட்டில் கை வைக்காதவன். இருபது வருஷமாக அவனுக்கு இவர் ஓதிய மந்திரம் ஒன்றுதான்: "உம்மட ஈரல் ஒருநாளைக்குச் சல்லடையாய்ப் போகும், பாரும்."

தொண்ணூற்றேழாம் ஆண்டு, வலது விலாவுக்குக் கீழே கல்லுப்போல ஏதோ தட்டுப்பட்டது. றேமண்டுக்கு இல்லை, இவருக்கு. காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. ஒழுங்கைக்குள் இருந்த டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டு, "ஈரல் போலக் கிடக்கு, ஸ்கான் எடுங்கோ" என்றார்.

மனிதருக்குச் சாவுப் பயம் வந்திருக்கவேண்டும். வந்ததோ சனத்தைப் பற்றிய பயம். ஈரலில் வருத்தம் என்றால் குடி என்று இவரே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இனிக் கோயில் சபையில், "ஆள் கள்ளக்குடியாம்" என்று காதைக் கடிக்க மாட்டார்களா? யோசித்து யோசித்து, மூளையுள்ள எவனும் செய்யாத வேலையைச் செய்தார். ஸ்கானை றேமண்டின் பெயரில் எடுக்கலாமா என்று அவனிடமே கேட்டார்.

"தாராளமா எடுங்க அண்ணே," என்று றேமண்ட் சிரித்தான். "என் பேர் கெட்டுப்போறதுக்கு இன்னும் என்ன மிச்சமிருக்கு?"

பொரளைப் பக்கம் ஒரு தனியார் இடத்தில் ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் நடந்தன. பெயர் றேமண்ட், ரெலிபோன் நம்பரும் றேமண்டுடையது. படத்தைப் பார்த்த டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "மிஸ்டர் றேமண்ட், இது ஈரலிலையே தொடங்கின கான்சர். ஒரே கட்டி, நாலு சென்ரிமீற்றர். மிச்ச ஈரல் நல்லாயிருக்கிறபடியா இப்பவே வெட்டி எடுக்கலாம். ரெண்டு மாதம் கழிச்சு வந்தா என்னிட்டைக் கேக்காதேங்கோ."

வெட்டுவதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டையில் இருப்பது வேறு பெயர். இதை எப்படி அவிழ்ப்பது என்று தெரியாமல் மூன்று கிழமையைத் தின்றார்.

அதற்குள் டொக்டரின் ஆட்கள் கொட்டாஞ்சேனைக்கு ரெலிபோன் எடுத்து, றேமண்டின் மனைவி பிறிஜெற்றிடம் விஷயத்தைப் போட்டுடைத்தார்கள். அவள் போத்தல்களைச் சாக்கடைக் கானுக்குள் கவிழ்த்தாள், அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள், விடிய விடியப் பாவற்காய்ச் சாறு பருக்கினாள். றேமண்ட் அவளிடம் உண்மையைச் சொல்லாமல் குடித்தான்.

"அண்ணே, வருத்தம் ஒங்களுக்கு, பத்தியம் எனக்கா?" என்று மட்டும் கந்தோரில் இவரிடம் கேட்டான். "போய் வெட்டிக்கிட்டு வாங்க அண்ணே. செத்துப் போயிருவீங்க."

அன்றே சிவபாதசுந்தரம் படத்தை எடுத்துக்கொண்டு பொரளை டொக்டரிடம் புறப்பட்டார். பம்பலப்பிட்டி சென்ரியில், ஆமியின் சோதனைச் சாவடியில், பஸ்ஸை மறித்தார்கள். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், படத்தின் உறையில் இருந்த பெயரைப் பார்த்தான். "கவுத மே றேமண்ட்?" என்று கேட்டான். யாரிந்த றேமண்ட் என்பதற்கு அந்த நேரம் பார்த்து இவருக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. இரண்டு பெயரோடு பிடிபட்ட தமிழன் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்த யுத்தகாலம் அது.

பொலிஸில் இருத்திவைத்தார்கள். வீட்டில் இருப்போரைப் பொலிஸில் பதிந்த துண்டோடு மனைவி அன்னபாக்கியம் ஓடிவந்தாள். றேமண்டையும் கூப்பிட்டார்கள். படம் யாருடையது என்று இன்ஸ்பெக்டர் மேசையில் அடித்துக் கேட்டார்.

"லெடே மகே, சேர்," என்றான் றேமண்ட். வருத்தம் என்னுடையது.

"அப்ப உன்ர படம் இவனிட்டை ஏன்?" என்று சிங்களத்தில் சீறிய இன்ஸ்பெக்டர், அவனையும் உள்ளே தள்ளச் சொன்னார்.

சிவபாதசுந்தரம் எழும்பினார். "நே மாத்தையா," என்று கத்தினார். "லெடே மகே. கான்சர். எனக்கு, எனக்கு!" சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் பெயரைக் காட்டிக் காரணம் கேட்க, சனம் குடிகாரன் என்னும் என்ற பயத்தை இவர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பொலிஸ்காரர் நாலுபேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் இரண்டு பேரையும் வெளியே விட்டது.

அன்னபாக்கியம் சிரிக்கவில்லை. றோட்டில் நின்று கேட்டாள்: "நான் கழுத்தை நீட்டினது உங்களுக்கோ, உங்கட நல்ல பேருக்கோ?" பிறகு அவரைக் கையில் பிடித்து ஓட்டோவில் ஏற்றினாள்.

டொக்டர் வாய்க்கு வந்தபடி ஏசினார். நல்லகாலம், கட்டி பெரிதாகப் பரவவில்லை. வாற வியாழன் வெட்டலாம் என்றார். "குடியாலை வந்ததில்லை. உங்கட ரத்தத்திலை ஹெப்பரைற்றிஸ் பி கிருமி கிடக்கு. ஊசியாலை வந்திருக்கும், இல்லாட்டிப் பிறக்கேக்கை தாயிட்டையிருந்து."

சிவபாதசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. "டொக்டர், அதை ஒரு கடிதமா எழுதித் தருவியளோ? கோயில் சபைக்கு."

"அதை விடுங்கோ. புருசன் பெஞ்சாதிக்குள்ளையும் தொத்தும். உங்கட மனுசிக்கும் இப்பவே ரத்தம் பாக்கவேணும்."

அவர் கேட்ட கடிதம் அந்த இடத்திலேயே செத்தது. முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்ட மனுசி, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பரிசோதனை மேசைக்கு நடந்தாள்.

"பேர்?" என்றாள் அங்கிருந்த பெட்டை.

"அன்னபாக்கியம் சிவபாதசுந்தரம்," என்றாள் அவள், கூடமே கேட்க. "வடிவா எழுது பிள்ளை. நானும் குடிக்கிறேல்லை."

ஊசி ஏறியபோது சிவபாதசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இரத்தத்தில் ஏதும் இருந்தால், முருகா, அதையும் என்ர பேரிலை எழுதிவிடு என்று கேட்டார்.