அருள்குமார் வண்டி

என் மகன் அருள்குமார் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. அவன் அப்பா அதற்கும் முன்னாலேயே மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நானும், மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற அவனுடைய மோட்டார் சைக்கிளும்தான். மாட்டைக்கூடப் போன வருஷம் விற்றுவிட்டேன். கோழியை விரட்டுகிற நேரம் தவிர வாயைத் திறக்க எனக்கு வேலையே கிடையாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"அம்மா, அந்த வண்டிய ஓட்டற மாதிரி ரெடி பண்ணி வை. ஸ்டார்ட் பண்ணி ஒரு வீடியோ அனுப்பு."

எனக்கு வேறென்ன தோன்றும்? வருகிறான் என்றுதான் தோன்றியது. எப்போது என்று கேட்கவில்லை. கேட்டால் எரிந்து விழுவான், லீவு கிடைத்தால் வர மாட்டேனா என்பான். இந்த முறை அவனாகவே வருகிறான், நாம் ஏன் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மெக்கானிக் முகம்மது கவுஸ் பாய் வந்தார். டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தார். பெட்ரோலுக்குப் பதிலாக டீ நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. உள்ளே தண்ணீர் எப்படிப் போனது என்று கேட்டார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு தண்ணீர் மோட்டார் போட்டு, ஓஸ் பைப் பிடித்துக் கழுவி, பொட்டு வைத்துத்தான் மூடினேன் என்று பெருமையாகச் சொன்னேன். டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்ததாம்.

"ஏங்க்கா, எருமையக் குளிப்பாட்டற மாதிரி குளிப்பாட்டியிருக்கீங்களே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளைதான் பக்கத்தில் இல்லை, அவன் வண்டிக்காவது தண்ணீர் ஊற்றக் கூடாதா?

மூன்று நாள் வந்து போனார். டேங்க்கைச் சுத்தம் செய்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, ஆயில் மாற்றி, புது பேட்டரியும் டயரும் போட்டார். ஹாரன் அடிக்கிறதா, லைட் எரிகிறதா என்று நான் அவரை அரித்து எடுத்தேன். நடுவில் அவன் அறைக்கு வெள்ளையடித்தேன். பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் மகன் வருகிறான் என்றேன். எந்தத் தேதி என்று கேட்டாள். வண்டி ரெடியாகட்டும், தேதி தானாக வரும் என்றேன்.

நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பாய் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். அவரே என் போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை காலையில் மொரப்பூரிலிருந்து பிரபாகர் என்று ஒருவர் வந்தார். சசிகலாம்மா வூடு இதுதானுங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அருள்குமார் வண்டியை விற்பதாக ஆன்லைனில் போட்டிருந்தானாம். வீடியோவைப் பார்த்து இவர் பேசி முடித்துவிட்டாராம். கையெழுத்துப் போட்ட பாரமெல்லாம் கூரியரில் வந்துவிட்டது, ஆர்.சி. புக்கை மட்டும் அம்மாவிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னான் என்றார்.

அவரிடம் சிடுசிடுத்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மகனுக்குப் போன் போட்டேன். சும்மா நின்று வீணாகிற வண்டியை வைத்து என்ன செய்வது என்றான். நீ வருகிறாய் என்றல்லவா நினைத்தேன் என்றேன். வருகிறேன் என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்டான். சொல்லவில்லைதான். புக் பீரோவில் இருக்கும், எடுத்துக் கொடு என்றான்.

"குடுக்க மாட்டேன். வேணும்னா நீயே வந்து பீரோவத் தொறந்து குடு."

"ஒரு புக்குக்காக இங்கிருந்து வர முடியுமாம்மா?"

"எனக்காகத்தான் வர மாட்டேங்கற. அதுக்காச்சும் வாடா."