படகைப் பிடித்தால் தப்பில்லை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளொன்றுக்கு எண்ணூறு படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற மேற்பார்வையாளருக்குத் தண்ணீர் என்ன புதுசா? ஆனால் அந்தத் தண்ணீர் மிஷினுக்குள் சொன்னபடி கேட்டுக்கொண்டு கிடக்கும். ஏரித் தண்ணீர் யார் சொல்லையும் கேட்காது. சலவை அக்காவுக்கு இது போன வருஷப் போட்டியில்தான் உறைத்தது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கிற போட்டி அது, புதியவர்களுக்கானது. ஐந்நூறு மீட்டர் நீச்சலை இருபத்தைந்து நிமிஷத்துக்குள் முடிக்காவிட்டால் சைக்கிளைத் தொடவே விடமாட்டார்கள். நாற்பத்தாறு வயதில் அவளை இதில் இழுத்துவிட்ட புண்ணியவதி அவளுடைய நாத்தனார். நீச்சலில் கில்லாடி என்பதால் பயிற்சிக் குழுவில் நாத்தனாருக்கு மீன் என்று பெயர். போன வருஷம் பாதி வழியில் அக்காவுக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் நின்ற காவல் படகை எட்டிப் பிடித்தாள். தொட்டாச்சு, ஆட்டம் அவ்வளவுதான் என்று தானே முடிவு கட்டி, படகில் ஏறி உட்கார்ந்து, அழுதுகொண்டே கரை சேர்ந்தாள். அங்கே வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: படகு நகராமல் இருந்தால் போதும், பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். படகைப் பிடித்தபோது அவளுக்கு இன்னும் பதினோரு நிமிஷம் பாக்கி இருந்தது.

அடக் கொடுமையே, இதை முன்னாலேயே யாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவளுக்குத் தெரியும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்களாம். குழுவை நடத்தும் பல் டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டதோடு விடவில்லை. அடுத்த ஞாயிறு முதல் புதுச் சட்டம் போட்டார். ஆமையோ முயலோ, எல்லாரும் நடு ஏரியில் படகைப் பிடித்து இருபது மூச்சு எண்ணிவிட்டுத்தான் மேலே நீந்த வேண்டும். கணக்கு வாத்தியார் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குத் தாவுவார். உடனே பிடித்துவந்து முதலிலிருந்து எண்ண வைப்பார்கள். மீனுக்குத்தான் இது கட்டோடு பிடிக்கவில்லை. தனக்கெதற்கு இந்த வெட்டிவேலை என்று வீட்டில் அண்ணனிடம் புலம்பினாள். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு விடாமல் போய் எண்ணினாள்.

இந்த வருஷம் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தண்ணீரிலிருந்து தன் சொந்தக் காலில் ஏறி வர வேண்டும். முடியும் என்று அவளுக்குத் திடமாகத் தெரிந்தது.

நடுப் படகை அவள் எட்டியபோது கைக்கடிகாரம் பத்து நிமிஷம் காட்டியது. ஒரு இருபது எண்ணிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒருத்தி தொங்கிக்கொண்டிருந்தாள். சாட்சாத் மீன்! கூட்டத்தில் யாரோ மூக்கில் உதைத்துவிட்டார்கள். நீச்சல் கண்ணாடி போயே போய்விட்டது. முகம் வெளுத்து, படகில் ஏறக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். படகுக்காரர் ஏற்றிவிடட்டுமா என்று கேட்க, சரி என்று தலையை ஆட்டினாள்.

"ஏறாதே," என்றாள் அக்கா. "ஏறினா போச்சு. புடிச்சுக்கிட்டு எண்ணு."

"என்னால முடியாது அண்ணி. செத்துடுவேன் போல இருக்கு."

"நானும் எண்ணறேன். ஒண்ணு."

இருபது வந்தது. மீனின் கை கழலவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு வருஷ உழைப்பு இவளுக்காகவா பாழாக வேண்டும் என்று எரிச்சல் வந்தது. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள், பொய் சொல்வானேன். ஆனால் வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை பதினொன்றில் மீன் கையை எடுத்தாள். கடிகாரத்தில் பதினாலு ஓடிக்கொண்டிருந்தது.

"என் தொப்பியைப் பாத்துக்கிட்டே வா. வேற எதையும் பாக்காதே," என்று சொல்லிவிட்டு அக்கா முன்னால் நீந்தினாள்.

அதற்கப்புறம் அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பயிற்சியில் நீந்திய அதே கதியில், கூட்டாமல் குறைக்காமல் நீந்தினாள். கரையில் குழுவே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அதட்டிப் பேசத் தெரியாத டாக்டரம்மாகூட முழங்கால் தண்ணீரில் நின்று கூவினார். நேரம் முடிந்ததும் வழியை மறிக்கும் கயிற்றை நடுவர் கையில் எடுத்துவிட்டார். அக்காவின் கால் தரையில் பட்டது. எழுந்தாள். ஓடினாள். பின்னாலேயே மீனும் வந்து சேர்ந்தாள். இருபத்துநாலு நிமிஷம் நாற்பது செகண்டு என்றார் நடுவர்.

சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் மீன் நகராமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தனியா போகல அண்ணி. உங்க கூடவே மெதுவா வந்துடறேன்."

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடவே, தன்னைப் பாவம் பார்க்கிறாளே என்று கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. கையை விடுவித்து, மீனின் முதுகில் ஒன்று போட்டாள்.

"எனக்கு எதுக்குடி துணை? நீ உன் வேகத்துல போய், முடியற இடத்துல எனக்காக நில்லு. கால் கடுக்கும், நின்னுட்டே இரு. லேட்டாகும். ஆனா வருவேன்."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.