சாப்பாட்டு மேசையில் எழுநூற்று நாற்பது கஜம்

வெர்ன் டிரஸ்கல் தன் மனைவி ஓப்பலுக்கு எதிர் நாற்காலியில், அவளிடமிருந்து எழுநூற்று நாற்பது கஜ தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மேசையின் நீளம் ஆறடிதான். ஆனாலும் ஓப்பலின் கண்ணுக்கு அவர் ஒரு தீக்குச்சி உயரமே தெரிந்தார். அவர் பேசினால் வாய் அசைந்து இரண்டு விநாடி கழித்துத்தான் குரல் வந்து சேர்ந்தது. ரொட்டி போன்ற பிஸ்கட்டுக்கு ஊற்றும் குழம்பை அவர் பக்கம் தள்ளிவிட்டால் கிண்ணம் சிறுத்துக்கொண்டே போகும், போய்ச் சேர்வதற்குள் மேலே ஆடை படிந்துவிடும். சில்வர் டேங்க் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரிசோனாவின் அந்த மேட்டு நிலத்தில் பன்னிரண்டு மடங்கு பெருக்கும் துப்பாக்கித் தொலைநோக்கி வழியாக முப்பது வருடம் ஒற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லோருமே கொஞ்சம் தள்ளித்தான் போயிருந்தார்கள். சிலர் நாற்பது கஜம், சிலர் நூறு. வெர்ன்தான் எல்லோரையும்விட அதிகம்.

அதற்குக் காரணம் டெல்பர்ட் யோக்கமின் துப்பாக்கிக் கடையில் தொங்கிய கரும்பலகை. ஒவ்வொரு மான் வேட்டைப் பருவமும் முடிந்ததும் யார் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதை டெல்பர்ட் அதில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார். மானின் எடையையோ கொம்பின் கிளைகளையோ எழுதுவதில்லை, தூரம் மட்டும்தான். பத்தொன்பது வருடமாக வெர்ன் பெயர்தான் மேலே இருந்தது. அந்தப் பெயர் அங்கே நிற்க நிற்க, அவர் வீட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய நாற்பது கஜம் வீதம் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஓப்பல் பயப்பட்டது எண்ணூறுக்கு. சில்வர் டேங்கில் எந்த வீட்டிலிருந்து அளந்தாலும் நிலம் எண்ணூறு கஜம் தட்டையாக ஓடி, பிறகு காட்டாற்றுப் பள்ளத்துக்குள் சரிகிறது. டெல்பர்ட்டின் அப்பா அந்த விளிம்பைத் தாண்டிப்போனவர். கடைசியில் கொஞ்ச நாள் தொப்பி மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அவருடைய நாற்காலி இன்னும் கிறீச்சிடுகிறது, கிறிஸ்துமஸ் அன்று இருமல் கேட்கிறது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு பருவம் போனால் வெர்னும் அப்படித்தான்.

ஒருநாள் அவள் கையை வாயில் குவித்துக் கத்தினாள்: “வெர்ன், நீ ரொம்ப தூரம் போயிட்ட!”

பதில் நிதானமாக வந்தது. “நான் இங்கயேதானே உக்காந்திருக்கேன்? நீதான் வருஷா வருஷம் தள்ளிப் போற. நானும் கேக்கக்கூடாதுன்னு பாக்குறேன்.”

அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. அவர் சொன்னதில் பொய் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை. அவர் தூரமாக இருந்த வருடங்களில் அவள் தலைசீவாமல் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள், பிடித்ததைப் பாடியிருக்கிறாள், அவர் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததையெல்லாம் அந்தத் தீக்குச்சி உருவத்தைப் பார்த்து மெல்லிய குரலில் சொல்லியிருக்கிறாள். தூரம் அவளுக்கும் ஒரு அறையாக இருந்தது. அதன் கதவைத் தான்தான் திறக்கவேண்டும், திறக்க மனமும் வரவில்லை. ஆனால் பள்ளத்துக்குள் போனவரிடம் மெல்லிய குரலில்கூட எதையும் சொல்ல முடியாது.

மறுநாள் டெல்பர்ட் கடைக்குப் போனாள். மூலையில் யாரோ சொல்லி வைத்துவிட்டு வாங்காமல் போன ஒரு குட்டைத் துப்பாக்கி சாய்ந்திருந்தது. அதன் தொலைநோக்கி கண்ணுக்குப் பக்கத்தில் இல்லாமல் குழலின் மேல் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது.

“அதுவா? ஸ்கவுட் ரைஃபிள்னு சொல்லுவாங்க,” என்றார் டெல்பர்ட். “ரெண்டே முக்கால் மடங்குதான் பெருசாக் காட்டும். ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுப் பாக்கணுமாம். நம்ம ஊர்ல எவன் தொறப்பான்?”

ஓப்பல் அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். வலக்கண்ணில் சுவரிலிருந்த மான்தலை சற்றே பெரிதாக வந்தது. இடக்கண்ணில் கடை, ஜன்னல், டெல்பர்ட்டின் தொப்பை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தூரமும் பக்கமும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே பார்வைக்குள் நின்றன. இத்தனை வருடமாகத் தேடியது இதைத்தானா என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் அந்தத் துப்பாக்கி ஒன்பது பவுண்டு. கனமான பொருள் வெர்னிடம் போய்ச் சேர நேரம் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கடிதம் ஒரு நிமிடத்தில் போகும், பெரிய இரும்பு வாணலி ஒரு மணி நேரம் எடுக்கும். டெல்பர்ட் வேறு மூன்றை எடுத்து வைத்தார். முதலாவதின் குழல் நீளம். இரண்டாவது லேசாக இருந்தாலும் தோட்டா ஏற்றும் போல்ட் கரகரத்தது. மூன்றாவதின் நடுவில் ஒரு கையால் பிடித்துத் தூக்கினாள். முன்னும் சாயவில்லை, பின்னும் சாயவில்லை. ஆறரை பவுண்டு. கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறந்தபோது, குழல் முனையிலிருந்த முள் பின்னாலிருந்த இரும்பு வளையத்துக்குள் தானாக நின்றது. தொலைநோக்கிக் கண்ணாடி உடைந்தாலும் குறி பார்க்க அந்த முள்ளும் வளையமும் போதும்.

டெல்பர்ட் குட்டைத் துப்பாக்கியின் தொலைநோக்கியைக் கழற்றி இதில் மாட்டிக் கொடுத்தார். கைப்பழக்கத்தில் அதைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்.

“முன்னாடி தள்ளு, டெல்பர்ட்.”

“அவ்வளவு தள்ளியா? பாக்க அசிங்கமா இருக்கும்மா!”

“உன் தொப்பையையும்தான் ஊர் பொறுத்துக்குது. தள்ளு.”

கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளி வந்ததும் போல்ட்டின் மேற்புறம் காலியானது, தோட்டாக்களை மேலிருந்து விரலால் அழுத்திவிட முடிந்தது. திருகுகள் அதிர்ச்சியில் கழன்றுவிடாதிருக்க, கல்யாணத்துக்குப் பிறகு தொடாத சிவப்பு நகப்பூச்சை வீட்டிலிருந்து கொண்டுவந்து புரிகளில் தடவினாள். வெர்னின் குளிர்கோட்டுத் தடிமனைக் கணக்குப் பார்த்துத் தோளில் படும் கட்டையில் ஓர் அங்குலம் அறுக்கச் சொன்னாள். கையில் சுற்றிக்கொள்ளத் தோல்வார் போட்டாள். மாவு மூட்டைமேல் வைத்து நூறு கஜத்தில் அவளே சுட்டுச் சரிபார்த்தாள். குறிக்கு இரண்டங்குலம் மேலே, ஒரு காப்பிக் கோப்பையின் வாய்க்குள் மூன்று துளைகள் விழுந்தன.

பருவத்தின் முதல் நாள் காலை துப்பாக்கியை மேசைமேல் வைத்துத் தள்ளினாள். இருபதே நிமிடத்தில் வெர்னிடம் போய்விட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது புள்ளியாகத் தெரிந்தது.

“இது என்ன, அணில் சுடவா?”

“இந்த ஒரு வருஷம் எனக்காக எடுத்துட்டு வா. நானும் கூட வரேன்.”

ஜூனிப்பர் மரங்கள் நெருங்கி நின்ற சரிவில் இருவரும் நடந்தார்கள். அவர் பக்கத்தில்தான் நடந்தார், எழுநூற்று நாற்பது கஜத்தில். ஒரு மான் புதரை விட்டு வெளியே வந்தது. வெர்ன் துப்பாக்கியை உயர்த்தி, பழக்கப்படி இடக்கண்ணை மூடி, முகத்தைக் கண்ணாடியை நோக்கி நீட்டினார்.

“கறுப்பாத் தெரியுது,” என்று இரண்டு விநாடி கழித்துக் குரல் வந்தது. “ஏமாத்திட்டாங்க உன்னை.”

“இடது கண்ணைத் தொற.”

“அதைத் தொறந்து நான் சுட்டதே இல்ல.”

“தெரியும். முப்பத்தொரு வருஷமா அந்தப் பக்கம்தான் நான் நிக்கிறேன்.”

மான் இன்னும் அங்கேயே நின்றது. பிறகு அவர் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார், இடக்கண்ணைத் திறந்தார். ஒரு கண்ணில் மான் இருந்தது, மறு கண்ணில் ஓப்பல் இருந்தாள். தன்மேல் பார்வை விழுந்ததை அவள் தோலில் உணர்ந்தாள். நரைத்த தலை, காதோர மச்சம், கன்னச் சுருக்கம் எல்லாவற்றையும் யாரோ கணக்கெடுப்பது போலிருந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். கால் நகரவில்லை. அவளும் நகர்த்தவில்லை.

குண்டுச் சத்தம் அவளுக்கு உடனே கேட்டது. பல வருடங்களில் முதல்முறை. அவர் அறுபது கஜத்தில் நின்றுகொண்டிருந்தார், ஓர் ஆள் உயரத்துக்கு. மான் விழுந்திருந்ததும் அதே அறுபது கஜத்தில்தான்.

“வயசாயிடுச்சு உனக்கு,” என்றார்.

“உனக்கு மட்டும் என்னவாம்?”

கரும்பலகையில் டெல்பர்ட் ‘வெர்ன் டிரஸ்கல், 60’ என்று எல்லாவற்றுக்கும் கீழே எழுதினார். கடையே சிரித்தது. வெர்னும் சிரித்தார், மற்றவர்கள் சிரித்த அதே நேரத்தில். அடுத்த வருடம் மூன்று வீட்டுப் பெண்கள் வந்து தொலைநோக்கியை முன்னால் தள்ளி மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். டெல்பர்ட் நகப்பூச்சும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது வெர்ன் மேசைக்கு எதிரே ஒன்பது கஜத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மேல் அவர் நெருங்கவில்லை, ஓப்பலும் கேட்கவில்லை. குழம்பு சூடாகப் போய்ச் சேருகிறது. வெர்னின் பழைய நீளத் துப்பாக்கியை அவள் விற்றுவிடவில்லை, பன்னிரண்டு மடங்குத் தொலைநோக்கியோடு அலமாரியில் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். தனியாகப் பாடவேண்டும்போல் இருக்கிற நாட்களில் தோட்டாவை எடுத்துவிட்டு அதை அவரிடம் நீட்டி, “மேட்டுல மான் ஏதாவது தெரியுதா, கொஞ்சம் பாரேன்,” என்கிறாள். அவருக்கும் விஷயம் தெரியும். அரைமணி நேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்து இருநூறு கஜம் போய்விட்டு, காப்பி வாசனை வந்ததும் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு திரும்பி வருகிறார்.