முறைத் தண்ணீர்

அப்பாவின் தாடையைச் சேர்த்துக் காஞ்சனா துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதே வாசலில் நாகபூஷணம் அவசரப்பட ஆரம்பித்துவிட்டார்.

"மூங்கில் வந்துட்ச்சிம்மா. பத்து மணிக்குள்ள எடுத்துடலாம். வெயில் ஏறிக்கினு போவுது."

விடியற்காலையில் செத்துப்போன கிருஷ்ணப்பாவுக்கு அவர் பங்காளித் தம்பி. காஞ்சனாவுக்குச் சித்தப்பா; சின்ன நைனா என்று கூப்பிடுவாள். அண்ணன்மேல் அப்படி ஒன்றும் உருக்கம் கிடையாது. இன்றைக்கு ஏரித் தண்ணீர் அவர் முறை, அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் பாய்ச்சாவிட்டால் முறை போனது போனதுதான். அடுத்தது வரப் பன்னிரண்டு நாளாகும், அதற்குள் ஏரியில் சேறுதான் மிஞ்சும். அவருடைய இரண்டு ஏக்கர் நெல்லும் பால் பிடிக்கிற சமயம்.

பங்காளி வீட்டுப் பிணம் ஊருக்குள் கிடக்கும்வரை பங்காளிகள் யாரும் மடை திறக்கக்கூடாது. ஆள் வைத்தும் திறக்கக்கூடாது. ஊரே பாதி மறந்துபோயிருந்த இந்தக் கட்டுப்பாட்டை இரண்டு வருடத்துக்கு முன் தோண்டியெடுத்தவரே நாகபூஷணம்தான். காஞ்சனாவின் அம்மா கமலம்மா செத்த அன்று முறை கிருஷ்ணப்பாவுடையது. தாய்வீட்டுக் கோடித்துணி வரட்டும், வரட்டும் என்று பேசிப் பேசியே நாகபூஷணம் பொழுதைத் தள்ளினார். மறுநாள் அவர் முறை. வாய்க்கால் தளும்பப் போனது. கிருஷ்ணப்பாவின் முக்கால் ஏக்கர் கருகியது.

அதைப் பற்றி அப்பா சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் காஞ்சனாவுக்கு வயிறெரிந்தது.

தம்பி கோபி போனில் கூப்பிட்டான்.

"ரேணிகுண்டாவுல எறங்கிட்டேங்க்கா. கார் புடிச்சினு வந்துடறேன்."

"கார் வேணாம்டா. திருப்பதி போயி நைனாவுக்கு நல்ல மாலையா ஒண்ணு வாங்கினு பஸ்ல வா."

"லேட்டாவுமேக்கா."

"ஆவட்டும். பொழுது சாய வந்தா போதும்."

வெளியே வந்து, கொள்ளி வைக்கிற பிள்ளை வராமல் எடுக்க முடியாது என்றாள். நகரியிலிருந்து ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது என்றும் சொன்னாள். நாகபூஷணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

மூன்று மணிக்கு அவள் பக்கத்தில் வந்து குந்தினார். குரல் இறங்கியிருந்தது.

"நெல்லு போயிடும் காஞ்சனா. கோபி வழியில வந்துக்கினு இருக்கான், சுடுகாட்டுக்கே வரட்டும். நீ ஒரு வார்த்த சொன்னா போதும்."

"முறைய மாத்த நான் யாரு சின்ன நைனா? எங்கம்மா செத்தப்போ நீங்க சொன்னதுதான."

சொல்லும்போது அவளுக்கு இனித்தது. அப்பாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு இப்படி இனிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தும் இனித்தது.

கோபி மாலையோடு வந்து சேர்ந்தபோது மணி ஆறாகப் போகிறது. நாகபூஷணம் ஐஸ் பெட்டிமேல் கவிழ்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

"பங்காளின்னாலும் எப்டி அழறாரு பாரு," என்றாள் பக்கத்து வீட்டு நளினி.

காஞ்சனா உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீங்க. இந்தாங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கீழே வைக்கவும் இல்லை. இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு, வாசலில் வெளிச்சம் மங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.