பேருக்கு ஓனர்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றிருந்த கார் மேல் மூன்று நாள் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தது. பின்கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் கொட்டையாக ஒட்டியிருந்த 'அன்பு' என்ற பேரை மட்டும் காக்கைகள் எப்படியோ விட்டுவைத்திருந்தன. ஈஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய அண்ணன் அன்புசெல்வன் வெள்ளிக்கிழமை ராத்திரி கவரைப்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே போலீஸ் ஊதச் சொன்னபோது ஊதி மாட்டிக்கொண்டான். காரில் இருந்த நாலு பேருக்கும் நல்ல போதை. உனக்காக உயிரையே கொடுப்பேன் மச்சான் என்று ஏறியவர்கள், மெஷினில் நம்பர் ஏறியதும் ஆளுக்கொரு பக்கம் கம்பி நீட்டிவிட்டார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு நாதி இல்லாமல் விடிய விடிய ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் அன்பு.

சனிக்கிழமை காலையில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஈஸ்வரியை அம்மா கங்கம்மாள் வாசற்படி ஏறவிடவில்லை.

"மூஞ்சிகூட கழுவ வேணாம், அப்டியே போ. அண்ணன் ஸ்டேஷன்ல குந்திக்கினு கீறான். நாஷ்டா துன்னானோ இல்லியோ."

ஊர்க்காரர் வீரராகவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அவரும் இவளுமாகக் கையெழுத்துப் போட்டு ஆளை வெளியே எடுத்தார்கள். கார் வரவில்லை. கோர்ட்டில் அபராதம் கட்டி ஆர்டர் வாங்கி வந்தால்தான் வண்டி என்றார்கள். திங்கட்கிழமை பொன்னேரி கோர்ட்டில் வெயிலில் நின்றார்கள். பத்தாயிரம் அபராதம், ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் முடக்கம். அபராதம் யார் கையிலிருந்து போனது என்று சொல்லவே தேவையில்லை. அன்று மத்தியானமே ரசீதும் ஆர்டருமாக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள்.

ஏட்டு தணிகாசலம் பேப்பர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"வண்டி ஓனர் யாரு?"

"நாந்தான் சார்" என்றான் அன்பு. வெள்ளிக்கிழமை ராத்திரி தொலைந்த தோரணை அதற்குள் திரும்பி வந்திருந்தது.

"ஆர்சி புக்ல ஈஸ்வரின்னு கீது. நீ ஈஸ்வரியா?"

"தங்கச்சி சார். பேருக்குத்தான். எனக்கு சேலரி ஸ்லிப் இல்லன்னு பேங்க்ல லோன் குடுக்கல. அதுக்கோசரம் அது பேர்ல போட்டோம். வண்டி என்துதான்."

வீட்டில் எல்லோரும் சொல்வது இதைத்தான். நாலு வருஷத்துக்கு முன் அப்பா இறந்த கையோடு, ரோட்டோரம் இருந்த நெல் நிலத்தில் ஒரு துண்டை விற்று முன்பணம் கட்டினார்கள். மிச்சத்துக்கு ஈஸ்வரியின் சம்பளம். அன்பு மனை புரோக்கர். பைக்கில் வருகிறவனை நம்பி எவன் மனை வாங்குவான் என்பது அவன் கட்சி. கார் வந்த பிறகும் எவனும் வாங்கவில்லை, அது வேறு கதை. ஈஸ்வரி ஷிப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், கார் ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்திருந்தாள். ஒரே ஒரு தடவை சாவி கேட்டாள். "நீ எட்த்துக்கினு போயி எவன் ஊட்டு செவுத்துல உடப்போற?" என்று அண்ணன் கேட்க, அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதோடு ஈஸ்வரி கேட்பதை விட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவள் மறக்கவில்லை.

ஏட்டு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஓனர் எழுதணும். நான் சொல்றேன், எழுதும்மா."

சொல்லச் சொல்ல எழுதினாள். ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டுள்ள என் அண்ணன் அன்புசெல்வனிடம் மேற்படி வாகனத்தை இனி ஓட்டக் கொடுக்க மாட்டேன் என்றும், மீறினால் சட்டப்படியான நடவடிக்கைக்கு நானே முழுப் பொறுப்பு என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

"சும்மா ஃபார்மாலிட்டி. போட்டுக் குடு, போலாம்" என்றான் அன்பு.

ஏட்டு கண்ணாடியைக் கழற்றினார். "ஃபார்மாலிட்டிதான். ஆனா லைசென்ஸ் இல்லாதவன் கையில வண்டியக் குடுத்தா ஓனர் மேலயும் கேஸ் வரும். நீ எங்கம்மா வேல செய்ற?"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி என்றாள். ஆறு வருஷம் கான்ட்ராக்ட். இந்த மாசம்தான் பர்மனென்ட் லிஸ்டில் பேர் வந்திருக்கிறது, போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டிருக்கிறார்கள் என்றாள்.

"அந்தப் பேப்பரும் இந்த டேபிளுக்குத்தான் வரும்" என்றார் ஏட்டு. மிரட்டவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிறமாதிரி சொன்னார்.

ஈஸ்வரியின் பேனா நின்றது. அவளோடு சேர்ந்த நாற்பது பெண்களில் இன்றைக்கு மிஞ்சியது அவளும் சோனியாவும்தான். மற்றவர்கள் முதுகுவலி, கல்யாணம், லைன் சூப்பர்வைசரின் வாய் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்து, காலில் நரம்பு முடிச்சுப்போட்டு, பர்மனென்ட் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். எழுதியதை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு தாள் கிழிகிற அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டாள். ஏட்டு கொடுத்த கார் சாவியோடு, தனக்கு அதன் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அன்பு கையை நீட்டினான்.

"சாவி குடு."

"எழுதிக் குடுத்துக்கீறேன்ண்ணா."

"அது அந்தாளுக்கு. நமக்குள்ள இன்னா?"

"அதுல கீழ இருக்கறது என் கையெழுத்து."

அவனுக்கு முகம் சிவந்தது. ஏட்டு வாசலில் நின்றுகொண்டிருந்ததால் கை ஓங்கவில்லை. ஈஸ்வரி டிரைவர் சீட்டில் ஏறினாள். அவன் உயரத்துக்குத் தள்ளி வைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்தாள். வண்டி இரண்டு தடவை ஆஃப் ஆனது, மூன்றாவது தடவை கிளம்பியது. ஊர் எல்லை வரும்வரை அன்பு பக்கத்து சீட்டில் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டே வந்தான். குடித்துவிட்டு மாட்டியபோது வராத வெட்கம் தங்கை ஓட்டுகிற காரில் உட்கார்ந்ததும் வந்துவிட்டது.

வீட்டில் நுழைந்ததுமே ஆரம்பித்தான். "உன் பொண்ணு ஸ்டேஷன் வாசல்ல வெச்சி என்ன அசிங்கப்படுத்திட்டாமா."

அன்றிலிருந்து கங்கம்மாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொன்னாள். ஆம்பளப் பிள்ளை ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போவதைத் தெருவெல்லாம் சொல்லிப் புலம்பினாள். சாவி ஈஸ்வரியின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. தூங்கும்போதும் அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குக் காரில் போனாள். யாரோ ஆபீசர் என்று நினைத்து செக்யூரிட்டி சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அன்று முழுக்க சோனியாவும் அவளும் சிரித்தார்கள். இந்த நாலு வருஷத்தில் அந்தக் காரால் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

இருபது நாள் போனது. ஒரு சனிக்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். வைக்கோல் போர் ஓரம் நிறுத்தியிருந்த கார் இல்லை. பையைத் துழாவினாள். சாவி இருந்தது. திருடன்தான் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். திருடனாகவே இருந்திருக்கலாம்.

கங்கம்மாள் கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வண்டி எங்கமா?"

"அண்ணன் எட்த்துக்கினு போனான். கடம்பத்தூர்ல அவன் ஃபிரண்டு ஊட்ல கெடா விருந்து."

"சாவி?"

"இன்னொரு சாவி இருந்துச்சில்ல. சாமி மாடத்துல, குங்கும டப்பா பின்னால வெச்சிருந்தேன்." கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமைகூட அந்த மாடத்தில் விளக்கேற்றியது ஈஸ்வரிதான். வேலை நிலைக்கவேண்டும் என்று கும்பிட்டதும் அங்கேதான்.

"நான் எழுதிக் குடுத்துக்கீறேன்மா. அண்ணன் மாட்னா என் வேல போய்டும். எவன் மேலயாவது ஏத்திட்டா உயிரே போய்டும்."

"எப்பப் பாரு வேல வேலன்னுக்கினு. நாளைக்கே உனக்குக் கண்ணாலம் ஆனா அந்த வேல இன்னா ஆவப்போது? அவன் ஊட்டத் தாங்கறவன்டி. மான மரியாதையா நாலு எடத்துக்குப் போவ வேணாமா?"

ஊட்டைத் தாங்குகிறவன்! தாங்கித் தாங்கித்தான் அவளுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. அந்த நிமிஷம் ஈஸ்வரி தன் தாயை வெறுத்தாள். குற்ற உணர்வுகூட வரவில்லை.

அண்ணனுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே பாட்டும் கூச்சலும். "இன்னாடி? துன்னுட்டுக் கெளம்பிடுவேன். ரெண்டு பீரு, அவ்ளோதான்." நாக்கு ஏற்கெனவே குழறியது.

"ண்ணா, வண்டிய எடுக்காத. நான் பஸ் புடிச்சி வரேன், நானே ஓட்டிக்கினு வரேன்."

"டேய், என் டிரைவர் பேசுதுடா!" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தான். லைன் கட்டானது. மறுபடி போட்டாள், சுவிட்ச் ஆஃப்.

கடிதத்தின் நகல் அந்தச் சாப்பாட்டுப் பைக்குள்தான் மடித்து இருந்தது. அதில் குத்தியிருந்த முத்திரையில் ஸ்டேஷன் போன் நம்பர் இருந்தது. அந்த நம்பருக்குப் போட்டாள்.

"தணிகாசலம் பேசறேன்."

வண்டி நம்பரைச் சொன்னாள். வெள்ளைக் கார், பின்கண்ணாடியில் 'அன்பு' என்று இருக்கும் என்றாள். "கடம்பத்தூர்லருந்து கெளம்பும் சார். ஓட்றவருக்கு லைசென்ஸ் இல்ல, குடிச்சிக்கீறாரு. ஓனருக்குத் தெரியாம எட்த்துக்கினு போய்ட்டாரு. வழியிலயே நிறுத்துங்க சார், யார் மேலயாவது ஏத்தறதுக்குள்ள."

"யாரும்மா பேசறது?"

"ஓனர் சார்."

"திருவள்ளூர் பக்கம் சொல்லிடறேன். இந்த வாட்டி வண்டி லேசுல வராதும்மா" என்றார் ஏட்டு.

"தெரியும் சார்."

"ஆளுக்கு ஜாமீன் கையெழுத்து? நீதான வருவ?"

கங்கம்மாளின் கையில் கீரைக்காம்பு அப்படியே நின்றுவிட்டது. இருபது நாளில் முதல் தடவையாக மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஈஸ்வரியும் அவளைப் பார்த்தாள்.

"இல்ல சார். இந்த வாட்டி எங்கம்மா வருவாங்க."